கம்பத்துப் பிள்ளை ஒருவர் தலைமை நீதிபதியான கதை



நாம் பணிபுரியும் தோட்டத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவனை லாரி மோதிவிட்டது. கால் முறிந்தது. நஷ்டஈட்டு வழக்கு நீதிமன்றத்திற்குப் போயிற்று. மோதியதைக் கண்ணால் கண்டவர் பக்கத்து லயத்து அம்மா ஒருவர்தாம். சாட்சி சொல்ல வரும்படி அவருக்குக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நம்மிடம் ஓடி வந்தார்.

"வாத்தியாரையா, எனக்கு ஒடம்பு சரியில்லேன்னு எழுதிக் குடுத்துடுங்க. கோர்ட்டுப் படியெல்லாம் நமக்கு எதுக்குங்க? அங்க ஒக்காந்திருக்கிறவங்க பெரிய எடத்து மனுசங்க. நம்ம பேச்சு அவங்க காதுல ஏறுமா?"

நாம் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. அவரை உட்கார வைத்து ஒரு மனிதரின் வரலாற்றைச் சொன்னோம். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம். அவர் பெயர் துன் முகமட் சுபியான்.

பேராக் மாநிலத்தில் கோலகங்சார் என்ற ஊரை நீங்கள் அறிவீர்கள். அதையடுத்த கோத்தா லாமா கீரி என்னும் கம்பத்தில் 1917-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பிறந்தவர் அவர். முதலில் படித்தது தாய்மொழியான மலாய்ப் பள்ளியில். பிறகுதான் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலம் கற்றார். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, வேறு மொழியில் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போய் முதலில் திணறுகிறார்கள் அல்லவா? அதே பாதையைத்தான் அவரும் கடந்தார். தாய்மொழியில் தொடங்கிய படிப்பு அவருக்குத் தடையாக இருக்கவில்லை. நன்றாகப் படித்து அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

படிப்பு முடிந்த வேளையில் உலகப் போர் குறுக்கிட்டது. மலாயா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஊர் திரும்ப வழியில்லை. அப்போது அவருக்குக் கை கொடுத்தது எது தெரியுமா? இப்போது உங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறதே, இந்த வானொலிதான்! புதுதில்லியில் அகில இந்திய வானொலியிலும், பின்னர் இலண்டன் பி.பி.சி.யின் மலாய்ப் பிரிவிலும் அவர் வேலை பார்த்தார். கடினமான செய்தியையும் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி சொல்வதுதான் வானொலிக்காரரின் தொழில். அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டு நீங்கவில்லை.

போருக்குப் பின் நாடு திரும்பி, 1948-இல் அரசாங்க சேவையில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்தார், அரசாங்கத் தரப்பு வழக்கறிஞராக இருந்தார். 1961-இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1968-இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி, 1973-இல் மலாயாவின் தலைமை நீதிபதி, 1974-இல் நாட்டின் நீதித்துறைக்கே தலைவர் என்று படிப்படியாக உயர்ந்தார். அன்று அந்தப் பதவிக்கு 'லார்ட் பிரசிடெண்ட்' என்று பெயர். இன்று அதையே நாட்டின் தலைமை நீதிபதி என்கிறோம்.

பதவி பெரிது, சரி. அவர் செய்த காரியம் என்ன?

1976-இல் அவர் முன் ஒரு வழக்கு வந்தது. ஆயுதமேந்திக் கொள்ளையடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவருடைய வழக்கு அது. அவர்மீது பாய்ந்த சட்டம் எல்லாரும் சமம் என்ற உறுதிமொழிக்கு முரணானது என அவர் தரப்பில் வாதிட்டார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை இப்படிக் கேள்வி கேட்கலாமா? பிரிட்டனில் நாடாளுமன்றமே உச்ச அதிகாரம் கொண்டது. நம் நாடு அப்படியல்ல என்று துன் சுபியான் தெளிவுபடுத்தினார். இங்கே எழுதி வைக்கப்பட்ட அரசமைப்புச் சட்டமே உயர்ந்தது. நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் அதற்கு உட்பட்டவை. அதற்கு முரணான சட்டம் செல்லாது என்றார். இந்த முரணை எடுத்துக்காட்டத் தனி அனுமதி தேவையில்லை, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்றும் வழிகாட்டினார். இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

இதனால் தோட்டத்து மக்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்த அரசமைப்புச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு வர வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. யாரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்கிறது 6-ஆம் பிரிவு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது 8-ஆம் பிரிவு. துரையும் தொழிலாளியும் அங்கே ஒன்றுதான். சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் குடியுரிமை கேட்டு அலைகிறாரே, அந்தக் குடியுரிமை விதிகளும் அதே ஏட்டில்தான் இருக்கின்றன.

இவ்வளவையும் சட்டம் படித்தவர்கள் மட்டும் அறிந்தால் போதுமா? போதாது என்று கருதிய துன் சுபியான், மலேசிய அரசமைப்பை அறிமுகப்படுத்தி 1972-இல் எளிய நடையில் ஒரு நூல் வெளியிட்டார். பழைய வானொலிப் பழக்கம் அதில் பயன்பட்டது போலும்! 1975-இல் அரசாங்கச் சேவைக்கான ரமோன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

1982-இல், 65 வயதில், அவர் ஓய்வு பெற்றார். பின்னர் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் நிர்வாக நடுவர் மன்றத்திலும் நீதிபதியாக அமர்ந்தார். அனைத்துலக அமைப்புகளில் வேலை செய்வோரின் குறைகளை விசாரிக்கும் மன்றம் அது.

நீதிபதி யாருக்கும் அஞ்சாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆகவேதான் அவர் சம்பளத்தைக் குறைக்க முடியாது. நடுவர் மன்றம் அமைத்து விசாரிக்காமல் அவரைப் பதவி நீக்கவும் முடியாது. 1988-இல் அப்போதைய லார்ட் பிரசிடெண்ட் துன் சாலே அபாஸ் அத்தகைய விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டபோது நாடே பரபரப்படைந்தது. ஓய்வில் இருந்த துன் சுபியான் வாளாவிருக்கவில்லை. நீதித்துறையைப் பற்றிய தம் கவலையை வெளிப்படையாகவே சொன்னார். 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் காலமானார்.

சரி, நம் அம்மாவின் கதை என்னவாயிற்று? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரும் கம்பத்துப் பள்ளிக்கூடத்துப் புள்ளதானா?" என்று ஒரு கேள்வி கேட்டார். நீதிமன்றத்தில் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்றும் சொல்லி அனுப்பினோம். குறித்த நாளில் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு பஸ் ஏறினார். கண்டதைக் கண்டபடி சொன்னார். தீர்ப்புக்கு முன்பே திரும்பி வந்து நம்மிடம் சொன்னது இதுதான்: "நான் சொன்னதை ஐயா எழுதிக்கிட்டாருங்க."

நேயர்களே, அந்த ஒரு வரியை நாம் மறக்கவில்லை. ஒரு தொழிலாளியின் சொல்லை நீதிபதி எழுதிக்கொள்கிறார் என்றால், அது கருணையன்று, கடமை. நமக்கும் ஒரு கடமை உண்டு. அழைப்பு வந்தால் அஞ்சாமல் போவது, உண்மையைச் சொல்வது, நம் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தாமல் படிக்க வைப்பது. நாளை அந்த நாற்காலியில் அமர்ந்து எழுதிக்கொள்பவர் நம் லயத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.