டஜன் கணக்கு நோட்டு
(தொடர் – 9)

கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் கட்டைகளுக்கு நடுவிலிருந்து பஞ்சு உதிரும். பகலெல்லாம் பேட்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றரை ஷிப்ட் முடிந்ததும் அதே சட்டையோடு மேடையேறினால் வேறென்ன ஆகும்? துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்தான். திருப்பூரில் அதற்கு மட்டும் என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை.

நான் வாசித்த முதல் மெல்லிசைக் குழு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது குழுவில் எனக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் வரவில்லை, விடுங்கள். மூன்றாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தை பிறந்தால் எங்களுக்கு சீசன். சிவன்மலைத் தைப்பூசம், பெருமாநல்லூர் குண்டம், அவினாசித் தேர் என்று சுற்றுவட்டாரமே சித்திரை வரை தூங்காது. ஒரு மாரியம்மன் கோவில் கச்சேரியில் சீரியல் லைட்டைப் போட்டதும் வோல்டேஜ் இறங்கி கீபோர்டு அணைந்துவிட்டது. தபேலாவும் கிட்டாரும் மட்டும் மிச்சம். பாடகர் என்னிடம் குனிந்து, "ஏனுங் மாஸ்டர், கரண்டு வார வரைக்கும் நீங்களும் கை தட்டுங்" என்றார். தட்டினேன். அன்றைக்குப் பெரிய கைதட்டல் அந்தப் பாட்டுக்குத்தான்!

கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். பனியன் பெட்டி அட்டையைக் கிழித்துப் பாட்டு எழுதி அனுப்புவார்கள். பத்துச் சீட்டில் எட்டு இளையராஜா பாட்டாக இருக்கும். எங்கள் கிட்டார் அண்ணனும் தேனிக்காரர்தான். கூலி குறைந்த ராத்திரிகளில் வேனில் ஏறியதும் சொல்வார்: "ராசாவே பதினெட்டு வருசம் குழுவுல வாசிச்சுத்தேன் மேல வந்தாரு. நமக்கென்னடா தம்பி?"

கணக்கு சரிதான். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்துக்கு அண்ணன் பாவலர் வரதராஜனோடு மலையேறியபோது பண்ணைப்புரத்து ராஜாவுக்குப் பதினான்கு வயது. பிறகு பத்து வருஷம் ஊர் ஊராகப் பாவலர் குழு. 1968-இல் சென்னை. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் முதலில் கிட்டார், பின்பு ஆர்மோனியம். சலில் சௌத்ரிக்குக் கிட்டார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல்.

எங்கள் கிட்டார் அண்ணன் விட்டுவிடுவது ஒரு பெயரை: தன்ராஜ் மாஸ்டர். அந்த வருஷங்களில்தான் ராஜா அவரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். நாங்கள் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் காதால் பிடித்ததோடு சரி. அடுத்த பாட்டுக்கு அடுத்த கேசட். வருஷங்களை எண்ணினோமே தவிர, அவற்றில் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. வேனில் இதை ஒருமுறை சொல்லியும் விட்டேன். அண்ணன் பல்லடம் வரும்வரை பேசவில்லை.

அடுத்த வாரம் ஒத்திகைக்கு வந்தவர் கையில் ஐந்து கோடு போட்ட இசை நோட்டு. கோயம்புத்தூரில் வாங்கினாராம்.

குழு கலைந்து சில மாதம் கழித்து அவர் அறைக்குப் போயிருந்தேன். ஜன்னல் மேல் அந்த நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் பெரிதாக, பென்சிலால் அழித்து அழித்து வரைந்த ஒரு ட்ரெபிள் கிளெஃப். இரண்டாம் பக்கத்திலிருந்து அந்த ஐந்து கோடுகளுக்குள்ளேயே சின்ன எழுத்தில்: திங்கள் 42 டஜன், செவ்வாய் 38, புதன் கரண்ட் இல்லை.

(தொடரும்)