சுளகும் அடுப்பும்

முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்று பீடிச் சுளகு இல்லாத நாள் கிடையாது. அம்மா ராத்திரியே இலையை நனைத்து வைப்பாள். விடிந்ததும் சோறு வடித்து, எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சுளகை மடியில் வைத்தால் இருட்டும்வரை விரல் ஓயாது. இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி ஆயிரம் தேறுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மறுநாள் பீடிக்கடையில் கழித்தது போகத்தான் கூலி. வயல்வேலை இல்லாத மாதங்களில் அந்தக் காசில்தான் உலை கொதித்தது. அந்த மாதங்களிலும் அப்பா தண்ணீரைத் தானே மொண்டு குடித்ததில்லை. கெட்டவர் இல்லை; ஆம்பளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்டே வளர்ந்தவர். 1991இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் என்ன தொழில் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "சும்மாதான் வீட்ல இருக்கேன்."

ஆகவே பெண் சம்பாதிப்பதை மாற்றம் என்று என்னால் எழுத முடியாது. நடவு, களையெடுப்பு, பீடி என்று ஏழைவீட்டுப் பெண் என்றைக்கும் சம்பாதித்தாள். ஆண் அடுப்படிக்குள் வந்ததுதான் புதிது.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் படித்த தங்கை இன்று அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டாவது குழந்தை பிறந்தபின் அவளுடைய நைட் டூட்டியும் மாப்பிள்ளையின் வேன் ஓட்டமும் ஒத்துவரவில்லை. வேன் வருமானம் டீசலுக்கும் தவணைக்குமே சரியாகப் போனது. விற்றுவிட்டு அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டார். முதலில் சோறு குழைந்தது. இப்போது அவர் வைக்கும் சொதிக்கு அம்மாவே இரண்டாம் முறை கை நீட்டுகிறாள். சின்னவளுக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு, பெரியவனுக்கு எந்தச் சட்டை பிடிக்கிறது என்பதெல்லாம் அவரைத்தான் கேட்க வேண்டும்.

இது ஊர்வழக்கமாகிவிடவில்லை. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் தருகிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். 2019இல் ஆண்களின் கணக்கு 97 நிமிடம். குறைந்திருக்கிறது! எங்கள் தெருவிலும் இவர் ஒருவர்தான். "மாப்பிள்ளைக்கு இன்னும் வேலை அமையலையா?" என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் கேட்கிறார்கள்.

போன வாரம் அவருக்கு யாரோ போன் செய்தார்கள். கையில் பாதி ஆய்ந்த மீன். "சும்மாதான்ணே இருக்கேன்" என்றார்.

திண்ணையிலிருந்து அம்மா நிமிர்ந்தாள். "அப்படிச் சொல்லாதீங்க மாப்ள," என்றாள். "நான் சொல்லிச் சொல்லித்தான் கெட்டேன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. மீனைக் கழுவ எழுந்து போனார்.