வேலியே பயிரை மேயும் நோய்



இருமும்போது சளியுடன் இரத்தம் வந்தால், நம் நினைவுக்கு முதலில் வருவது காசநோய். அவ்வாறு எண்ணுவது தவறன்று. நம் நாட்டில் அந்நோய் இன்னும் இருக்கிறது. ஆதலால், சளியைச் சோதித்துப் பார்ப்பதே முதல் வேலை. ஆனால், அதைப் போலவே தோன்றும் அபூர்வமான வேறொரு நோயும் உண்டு. வாஸ்குலைட்டிஸ் எனப்படும் இரத்தக் குழாய் அழற்சி வகையைச் சேர்ந்த அதனை மருத்துவர்கள் ஜி.பி.ஏ. என்று குறிப்பிடுவர்.

நோய்க் கிருமிகளை அழிப்பதற்காக நம் உடலில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இந்நோயில் அவையே சிறு இரத்தக் குழாய்களின் சுவரைத் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! தாக்கப்பட்ட குழாய்களுள் சில அடைபடும், சில கசியும். நுரையீரலில் கசிந்தால் இருமலில் இரத்தம் வரும். எக்ஸ்ரே படத்தில் குழிகளும் தெரியும். காசநோயிலும் குழிகள் தெரியுமல்லவா? குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

அப்படியானால், எதைக் கொண்டு ஐயுறுவது? இந்நோய் பெரும்பாலும் நுரையீரலோடு நிற்பதில்லை. நாள்பட்ட மூக்கடைப்பு, மூக்கில் இரத்தப் பொருக்கு, காது மந்தம், கண் சிவப்பு, மூட்டுவலி ஆகியவையும் சேர்ந்து வரலாம். சிறுநீரகத்தையோ இது வலியின்றித் தாக்கும். சிறுநீரில் கலந்த இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். எளிய சிறுநீர்ச் சோதனை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். 1980-களில் கண்டறியப்பட்ட 'அன்கா' என்னும் இரத்தச் சோதனையும் இன்று துணை செய்கிறது.

ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிஷ் வெக்னர் இந்நோயை 1939-இல் விரிவாக விளக்கினார். அக்காலத்தில் தக்க மருந்தில்லை. 1958-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, நோயாளிகளில் 100-க்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். 1970-களில் பிரெட்னிசோலோனுடன் சைக்ளோஃபாஸ்பமைடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. இப்போது ரிட்டுக்சிமாப் என்ற ஊசி மருந்தும் உண்டு. காலத்தோடு சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோருக்கு நோய் அடங்குகிறது.

காலம் தாழ்த்தினால், சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். ஆகவே, காசநோய் மருந்து உட்கொண்டும் குணம் காணவில்லையென்றால், மருந்தைக் கைவிட்டு வீட்டில் முடங்குவது கூடாது. மருத்துவரிடம் திரும்பச் சென்று, மூக்கு, காதுத் தொல்லைகளையும் மறவாமல் சொல்ல வேண்டும். சிறுநீரையும் சோதிக்கக் கேட்க வேண்டும். பிரெட்னிசோலோன் உண்போர், முகம் வீங்குகிறதென்று அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. இம்மருந்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேலி பழுதானால் காலத்தோடு செப்பனிடுவோம்; பயிரைக் காப்போம்.