பிஜிக்கு எந்த வழியாகப் போவது? மலிவு டிக்கெட்டில் மறைந்திருக்கும் செலவுகள்

மலேசியாவிலிருந்து பிஜித் தீவுகளுக்கு நேரடி விமானச் சேவை கிடையாது. கோலாலம்பூரிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நாடி நகரில் போய் இறங்க வேண்டுமானால், வழியில் ஓர் ஊரிலாவது விமானம் மாறித்தான் ஆக வேண்டும். அந்த ஊர் எது, எப்படி மாறுகிறோம் என்பதைப் பொறுத்தே பயணத்தின் செலவும் நிம்மதியும் அமைகின்றன.

நம்மவர்கள் பிஜியை விரும்புவதற்குக் கடற்கரை மட்டும் காரணமில்லை. 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அங்கே கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. இங்கே நம் முன்னோர் ரப்பர் தோட்டங்களில் உழைத்த காலத்தில், அங்கே போனவர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். நாடியில் கோபுரத்துடன் நிற்கும் சிவசுப்பிரமணிய சுவாமி ஆலயம் அவர்கள் வழிவந்தவர்களின் அடையாளம். அதைப் பார்த்துவர வேண்டும் என்று பல ஆண்டுகள் பணம் சேர்த்துப் புறப்படும் குடும்பங்களுக்கு, டிக்கெட் வாங்கும்போது செய்யும் ஒரு தவறான தேர்வு பெரிய இழப்பாகிவிடும்.

நான்கு வழிகள்

முதலாவது வழி சிங்கப்பூர். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம் பறந்து சாங்கி விமான நிலையம் சென்றால், அங்கிருந்து பிஜி ஏர்வேஸ் விமானம் சுமார் பத்து மணி நேரத்தில் நாடியை அடைகிறது. பறக்கும் நேரம் குறைவாக இருப்பது இந்த வழியில்தான். ஆனால், இச்சேவை தினமும் இல்லை. வாரத்தில் சில நாள்களுக்கு மட்டுமே உண்டு. பள்ளி விடுமுறைத் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு விமானம் தேடுவதைவிட, விமான நாளைப் பார்த்துவிட்டு விடுப்புக்கு விண்ணப்பிப்பது நல்லது.

இரண்டாவது வழி ஹாங்காங். அங்கிருந்தும் நாடிக்கு நேரடி விமானம் உண்டு. என்றாலும், நான்கு மணி நேரம் வடக்கே போய், பிறகு பத்து மணி நேரத்துக்கும் மேல் தென்கிழக்காகத் திரும்பி வர வேண்டும். இது சுற்றுவழி. நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் பரிசீலிக்கலாம்.

மூன்றாவது வழி ஆஸ்திரேலியா. கோலாலம்பூர் - சிட்னி சுமார் எட்டு மணி நேரம். சிட்னி - நாடி சுமார் நான்கு மணி நேரம். மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஆசியா எக்ஸ் இரண்டும் சிட்னிக்குப் பறப்பதால் தேதிகளும் விலைகளும் பலவிதமாகக் கிடைக்கும்.

நான்காவது வழி நியூசிலாந்தின் ஆக்லாந்து. அங்கிருந்து நாடி மூன்று மணி நேரத் தூரம்தான். ஆனால் ஆக்லாந்து போகவே பத்து மணி நேரத்துக்கு மேலாகும். நியூசிலாந்தையும் சேர்த்துச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கே இது பொருந்தும்.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான கேள்வி இது. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பயணப்பெட்டியும் பொதுவாக நேராக நாடிக்கே போய்ச் சேரும்.

இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு முழுவதும் பயணியின் தலையில் விழும். முதல் விமான நிறுவனத்துக்கு நீங்கள் சிங்கப்பூர் போகும் பயணி, அவ்வளவுதான். அங்கிருந்து நாடி போவது அதன் கணக்கில் இல்லை. இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. அதோடு முடியாது. ஒரு முன்பதிவில் முதல் பயணத்துக்கு வராதவரின் மீதிப் பயணங்களையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். அதாவது, போகும் டிக்கெட்டோடு திரும்பி வரும் டிக்கெட்டும் போய்விடும்.

மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் 2016-இன்படி, விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்கு உணவு தரப்பட வேண்டும். ஐந்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், திரும்பக் கிடைப்பது தாமதமான அந்த விமானத்தின் பணம்தான். தனியாக வாங்கிய பிஜி டிக்கெட்டுக்கு அது ஈடாகாது.

இணையத்தில் டிக்கெட் தேடும்போது சில தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பயணம்போல் காட்டுகின்றன. 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்ற சொல் கண்ணில் பட்டால் அது இரண்டு டிக்கெட் என்று அறிந்துகொள்ளலாம். ஒரே முன்பதிவு எண்ணா என்று கேட்டுத் தெளிவுபடுத்திய பிறகே பணம் கட்ட வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்போது, அதில் ஒட்டப்படும் சீட்டில் நாடியின் குறியீடான 'என்.ஏ.என்.' இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஜி ஏர்வேஸ் 2025-இல் ஒன்வேர்ல்டு கூட்டணியின் முழு உறுப்பினரானது. மலேசியா ஏர்லைன்சும் கேத்தே பசிபிக்கும் அதே கூட்டணியில் இருப்பதால், இந்த நிறுவனங்களை இணைத்து ஒரே டிக்கெட்டாக வாங்க வாய்ப்பு அதிகம். பயண முகவரிடம் அப்படியே கேட்கலாம்.

எங்கே என்ன அனுமதி?

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் பிஜிக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்; திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். விமானம் மாறும் நாடுகளில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூரில் வெளியே வராமல் விமானம் மாறினால் எந்தப் படிவமும் தேவையில்லை. தனி டிக்கெட்டில் பெட்டியை எடுக்கக் குடிநுழைவைக் கடந்தால், வருகை அட்டையை மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அது இலவசம்.

ஆஸ்திரேலியாவில் எட்டு மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறி, உள்ளேயே இருந்துவிட்டால் மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டுமானால், கைப்பேசிச் செயலி வழியாக மின்னியல் பயண அனுமதி பெற வேண்டும். கட்டணம் தலைக்கு 20 ஆஸ்திரேலிய டாலர். பையில் ஊறுகாய், கருவாடு, மசாலைத் தூள் இருந்தால் அங்கே அறிவிக்கவும் வேண்டும். சிட்னியில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இரவு முழுவதும் அங்கே காத்திருக்கும் இணைப்பைத் தவிர்ப்பது நல்லது.

ஆக்லாந்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்குக்கூட நியூசிலாந்தின் மின்னியல் அனுமதி கட்டாயம். அது இல்லாமல் கோலாலம்பூரிலேயே விமானம் ஏற விடமாட்டார்கள்.

படகு நேரம்

விமானம் நாடியில் இறங்கியதும் பயணம் முடிந்துவிடுவதில்லை. விளம்பரப் படங்களில் காணும் சிறு தீவுகளுக்கு டெனாராவ் துறைமுகத்திலிருந்து படகில் போக வேண்டும். யசாவா தீவுகளுக்கான பெரிய படகு காலையிலேயே புறப்பட்டுவிடும். மாமனுகா தீவுகளுக்கான படகுகளும் பகல் நேரத்தில்தான் ஓடும். மாலையில் வந்து இறங்குபவர்கள் நாடியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

பிஜி நேரம் நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து இரவு 9 மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணி நேரம் பறந்தால், நமக்குக் காலை 7 மணியாக இருக்கும்போது அங்கே காலை 11 மணி. எந்த விமானமானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அன்றைய படகு கிடைக்குமா என்று தீவு விடுதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டிப் பார்த்தால்

உதாரணத்துக்கு, நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் சிட்னி வழியாக இரண்டு தனி டிக்கெட் எடுத்துத் தலைக்கு 350 வெள்ளி மிச்சம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,400 வெள்ளி. அதிலிருந்து நால்வருக்கான 80 ஆஸ்திரேலிய டாலர் அனுமதிக் கட்டணம், இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியே கட்டும் பெட்டிக் கட்டணம், விமானங்களுக்கு இடையே காத்திருக்கும்போது சாப்பாட்டுச் செலவு, தேவைப்பட்டால் நாடியில் ஓர் இரவு அறை வாடகை ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மீதம் சொற்பமே. முதல் விமானம் தாமதமானாலோ, நான்கு புதிய டிக்கெட்டுகளைக் கடைசி நேர விலையில் வாங்க வேண்டிவரும்.

தனி டிக்கெட்டே எடுக்கக் கூடாது என்று சொல்வதற்கில்லை. ஜொகூரில் இருப்பவர்கள் சாலை வழியாகவே சாங்கி போய், அங்கிருந்து பிஜி டிக்கெட்டை மட்டும் வாங்குவது சிக்கனமான வழி. பாலத்தில் விடுமுறைக் கால நெரிசலை எண்ணி, அரை நாள் முன்னதாகவே கிளம்ப வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தனி டிக்கெட் எடுத்தால், முதல் நாளே விமானம் மாறும் ஊருக்குப் போய் ஓர் இரவு தங்கிவிடுவது பாதுகாப்பு. வெளிநாட்டு விமானங்களின் பதிவு முகப்புகள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுவதால், இரண்டு மூன்று மணி நேர இடைவெளியை நம்பி இறங்குவது சூதாட்டம்தான்.

பயணக் காப்புறுதி எடுப்பவர்கள், தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில் இணைப்பு விமானம் தவறினால் இழப்பீடு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் காப்புறுதித் திட்டங்களிலும் அது கிடையாது.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் முகவரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இது ஒரே முன்பதிவா? பெட்டி நாடிவரை நேராகப் போகுமா? முதல் விமானம் தாமதமானால் எங்களை நாடியில் சேர்ப்பது யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த டிக்கெட்டை விட்டுவிடலாம்.