பிழையைத் தேடிப் பிடித்தவர்கள்



கணனி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கணனி தானாகச் சிந்திப்பதில்லை. மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். எழுதியவர் பிழைவிட்டால் விடையும் பிழைக்கும். அந்தப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கலையின் தொடக்கத்தில் பெண்களும் இருந்தார்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ‘எனியாக்’ என்னும் கணனி உருவாகியது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்த இராட்சத இயந்திரத்துக்குக் கணக்குகளை வகுத்துக் கொடுக்க 1945 இல் ஆறு பெண்கள் தெரிவு செய்யப்பட்டனர். கற்றுக்கொள்ள வழிகாட்டி நூல் எதுவும் இல்லை. வரைபடங்களைப் பார்த்தே கற்றார்கள். எந்தக் குழாய் பழுது என்று சொல்லுமளவுக்குத் தேர்ச்சி பெற்றார்கள். அவர்களுள் ஒருவரான பெற்றி ஹோல்பேர்ட்டன், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதுவரை வந்த விடை சரிதானா என்று பார்க்கும் வழியை வகுத்தார். ‘பிரேக்பொயின்ட்’ எனப்படும் அம்முறை இன்றும் கையாளப்படுகிறது. 1946 இல் எனியாக் உலகுக்கு அறிமுகமானபோது இப்பெண்களின் உழைப்பை எவரும் பேசவில்லை. சர்வதேச மகளிர் தொழில்நுட்ப அமைப்பொன்று அவர்களைக் கௌரவித்தது 1997 இல்தான்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘எட்சாக்’ கணனி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. அதை அமைத்த அறிஞர் மொரிஸ் வில்க்ஸ் எழுதிய 126 வரிக் கட்டளைத் தொகுதி ஒன்றில் சுமார் 20 பிழைகள் இருந்தன! தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று அக்காலத்தில் உணர்ந்ததாக அவர் பின்னர் எழுதினார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கில் இதற்கு மருந்து தேடினார். ஒவ்வொரு கட்டளையும் நிறைவேறும்போதே அதற்குரிய எழுத்தைக் கணனியே அச்சிட்டுக் காட்டும் முறையை 1951 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கணக்கு இடையில் நின்றுவிட்டால் நினைவகத்தில் எஞ்சியிருப்பதை அச்சிட்டு ஆராய்வதும் உண்டு. அதற்குப் ‘பிரேத பரிசோதனை’ என்றே பெயரிட்டார்கள்.

ஆங்கிலத்தில் இயந்திரக் கோளாறைப் ‘பூச்சி’ என்பது எடிசன் காலத்திலேயே இருந்த வழக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தார் 1950களின் இறுதியில் செய்த பிழை தேடும் கருவிக்கு, பூச்சி மருந்தொன்றின் பெயரான ‘பிளிட்’ என்பதையே சூட்டினார்கள். 1961 இல் வந்த அடுத்த கருவியின் பெயர் ‘டீ.டீ.ரீ.’ நம் நாட்டில் மலேரியா நுளம்பை ஒழிக்க ஒரு காலத்தில் வீடு வீடாகத் தெளித்த அதே மருந்தின் பெயர்தான்!

டீ.டீ.ரீ. இன்னொரு வேலையும் செய்தது. கணனிக்குள் வெறும் இலக்கங்களாகக் கிடப்பவற்றை, மனிதர் வாசிக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றிக் காட்டியது. தைத்து முடிந்த சட்டையின் தையலைப் பிரித்து, துணி எப்படி வெட்டப்பட்டது என்று பார்ப்பதைப் போன்றது இது. இதன் அருமை 1988 நவம்பரில் தெரிந்தது. அப்போது ‘மொரிஸ் புழு’ என்ற நாசகாரத் தொகுதி அமெரிக்கக் கணனிகள் பலவற்றை முடக்கியது. அதை எழுதியவரின் மூலப்பிரதி கையில் இல்லை. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரவு பகலாக இலக்கங்களைப் பிரித்து வாசித்தே அதன் இரகசியத்தை அறிந்தார்கள்.

இத்தனை கருவிகளும் செய்வது ஒன்றுதான்: ஓர் இடத்தில் நிறுத்தி, அதுவரை நடந்ததைப் பார்ப்பது. பிள்ளையின் கணக்குக் கொப்பியில் விடை பிழைத்திருந்தால், ஏசுவதற்கு முன் முதல் வரியிலிருந்து அவனோடு சேர்ந்து படிப்படியாகப் பாருங்கள். எந்த வரியில் தடுமாறினான் என்பதை அவனே காட்டுவான்.