மங்கியது திரையா, கண்ணா?

வீட்டுப் பொருள்களுட் சில, பழுதடைந்த அக்கணமே தம் நிலையை அறிவித்துவிடும். மின்குமிழ் அணைந்தால் அறை இருளும். நீர்க்குழாய் உடைந்தால் முற்றம் நனையும். வேறு சிலவோ மெல்ல மெல்லத் தேய்வன. நாள்தோறும் அவற்றோடு பழகுகின்ற நமக்கு அத்தேய்வு புலப்படுவதில்லை. கணனித்திரை இவ்விரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. நமது கண்ணும் அவ்வினத்தையே சேர்ந்தது. இவ்வுண்மையை எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் எனக்குக் கற்பித்தது. பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோருக்கும், கணனியின் முன் நெடுநேரம் அமரும் மாணவருக்கும் அது பயன்படக்கூடும் என்று கருதியே இங்கு எழுதுகின்றேன்.

பழைய திரை

2003 ஆம் ஆண்டில் நாங்கள் வெள்ளவத்தையிற் கடற்கரைக்கு அணித்தான ஒரு வீட்டிற் குடியிருந்தோம். ஒருவர் பாவித்துக் கழித்த கணனியொன்றை அவ்வாண்டிலே வாங்கினேன். அதன் திரை 17 அங்குலம். பின்புறம் நீண்டு, மேசையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். இருவர் சேர்ந்தாலன்றி இலகுவில் தூக்க முடியாது. ஆயினும் ஏழாண்டுகள் அது எங்களுக்குக் குறைவின்றி உழைத்தது.

2010 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அதன் போக்கு மாறியது. காலையில் ஆளியைப் போட்டதும் எழுத்துகள், மையொற்றும் தாளிற் பட்ட மையைப் போலப் பரந்து தெரியும். அரைமணி நேரம் சென்றால் ஒருவாறு தெளியும். நாட்கள் செல்லச் செல்ல அந்த அரைமணி ஒரு மணியாயிற்று. பின்னர் நண்பகலாகியும் தெளியவில்லை. அப்போது என் மகளுக்கு வயது 12. பாடசாலை ஒப்படைகளை அவள் அக்கணனியிலேதான் செய்வாள். "மங்கலாக் கிடக்குது அப்பா" என்று அவள் அடிக்கடி முறையிட்டாள். புதிதாக ஒன்று வாங்க அம்மாத வரவுசெலவு இடந்தரவில்லை.

நானே திருத்திவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்தேன். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்திருந்த வேளையில், அடுத்த ஒழுங்கையில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் இளைஞர் தற்செயலாக வந்தார். என் கோலத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயா, கையை எடுங்கோ! பிளக்கைக் கழற்றினாலும் உதுக்குள்ள கரண்ட் நிற்கும்."

அவர் கூறியது முழுதும் உண்மை. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, அப்பெட்டியின் உள்ளே நிகழ்வதை நாம் சிறிது அறிதல் வேண்டும்.

குழாயினுள்ளே நிகழ்வது

இத்தகைய திரையின் உயிர் கதோட்டுக் கதிர்க்குழாய் ஆகும். 1897 ஆம் ஆண்டில் இதனை ஆக்கியவர் காள் பேர்டினண்ட் பிறவுண் என்னும் ஜேர்மன் விஞ்ஞானி. கம்பியில்லாத் தந்திக்காக 1909 ஆம் ஆண்டில் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவரே.

காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதன் ஒடுங்கிய கழுத்திலே சூடேற்றப்படும் கதோட்டு. அதிலிருந்து வெளிப்படும் இலத்திரன்கள் ஒரு கற்றையாகப் பாய்ந்து, அகன்ற முகப்பின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்கும். தாக்கிய இடம் ஒளிரும். கற்றை ஊசிமுனைபோற் குவிந்தால் எழுத்துக் கூர்மையாக இருக்கும். குவியாது பரந்தால் எழுத்தும் பரந்துவிடும். இலத்திரன்களை இழுத்து விரைவுபடுத்த, எங்கள் வீட்டிலிருந்தது போன்ற நிறத்திரைகளில் ஏறத்தாழ 25,000 வோல்ற்று மின்னழுத்தம் வேண்டும். கற்றையைக் குவிக்க இன்னும் சில ஆயிரம் வோல்ற்று வேண்டும். நமது சுவரிலுள்ள மின்சாரமோ 230 வோல்ற்று மாத்திரமே. அதுவே ஆளைக் கொல்லவல்லது. குழாயின் கண்ணாடி ஒரு மின்கொள்ளளவியைப் போல ஏற்றத்தைச் சேமித்து வைப்பதால், ஆளியை நிறுத்திய பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. ஆதலாற் பயிற்சியில்லாத எவரும் இப்பெட்டியைத் திறத்தல் ஆகாது.

அவ்விளைஞர் உரிய முறையில் ஏற்றத்தை இறக்கியபின் பெட்டியைத் திறந்து, பழுதின் வேரைக் காட்டினார். குழாயின் கழுத்து முனையிற் செருகப்படும் சிறு சொக்கற்று ஒன்று உப்புக்காற்றாலும் ஈரத்தாலும் அரிக்கப்பட்டிருந்தது. குவிப்பதற்கான மின்னழுத்தம் அதன் வழியே கசிந்து வீணாகியது. பெட்டி சூடேறி ஈரம் உலர்ந்ததும் கசிவு குறைந்து எழுத்துத் தெளிந்தமைக்கும், மழைக்காலத்தில் நோய் முற்றியமைக்கும் அதுவே காரணம். சொக்கற்றை மாற்றினார்; உள்ளேயுள்ள குவிப்புத் திருகையும் நுட்பமாகச் சரிசெய்தார். புதிய திரையின் விலையில் ஒரு சிறு பங்கே செலவாயிற்று.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். கதோட்டு முதுமையடைந்த திரைகளிற் படம் ஒளி குன்றும். உடனே நாம் ஒளியையும் வேறுபாட்டையும் உச்சத்துக்கு உயர்த்திவிடுகின்றோம். அவ்வாறு உயர்த்தினால் இலத்திரன் கற்றை தடித்து எழுத்து மேலும் பரந்துபோகும். சற்றுக் குறைத்து, அறையின் யன்னல் வெளிச்சம் திரையில் விழாமற் செய்தால் அதே திரை இன்னும் சில காலம் உழைக்கும்.

திருந்திய திரையும் திருந்தாத பார்வையும்

அன்று மாலை வீட்டில் அனைவரும் திரையைப் பார்த்து மகிழ்ந்தோம். மகள் மட்டும் முன்போலவே மூக்கு முட்டும் அளவிற்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

"எட்ட இரு பிள்ளை, கண் கெட்டுப்போம்" என்று அதட்டினேன்.

"எட்ட இருந்தா எழுத்துத் தெரியேல்லை அப்பா."

வேலை செம்மையாக நடைபெறவில்லை என்று எண்ணி அவ்விளைஞரை மீண்டும் அழைத்தேன். அவர் முகஞ்சுளிக்காமல் வந்தார். ஒரு கைநீளத் தூரத்தில் அமர்ந்து எழுத்துகளைப் பார்த்தார். பின்பு மகளிடம், எதிர்ச்சுவரிலே தொங்கிய கலண்டரைக் காட்டி, அதன் அடியிலுள்ள எழுத்தை வாசிக்கும்படி கேட்டார். அவளால் மாதத்தின் பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை.

"ஐயா, இதில இனி நான் திருத்த ஒண்டும் இல்லை. பிள்ளையைக் கண் டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றார். அன்று வந்ததற்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை.

வைத்தியர் பரிசோதித்து, இரண்டு கண்களிலும் குறும்பார்வை என்றார். குழிவு வில்லை, வலு 3. இந்த எண்ணின் பொருளை மாணவர்கள் இலகுவில் அறிந்துகொள்ளலாம். 100 சதமமீற்றரை 3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 33 வரும். மூக்குக்கண்ணாடி இன்றி அவளுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் அவ்வளவே. அதற்கப்பால் எல்லாம் மங்கல். திரை இருந்ததோ 60 சதமமீற்றர் தூரத்தில். வகுப்பறைக் கரும்பலகையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

விசாரித்தபோது, நெடுங்காலமாக அவள் அருகிலிருந்த தோழியின் கொப்பியைப் பார்த்தே எழுதி வந்திருக்கின்றாள் என்பது தெரிந்தது. தேர்ச்சி அறிக்கையிற் 'கவனம் போதாது' என்று கண்டபோதெல்லாம் அவளைக் கடிந்துகொண்டவன் நான். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று எண்ணியிருந்தாளாம். திரை மங்கல் என்று அவள் சொன்னதும், நாங்கள் அதைத் திரையின் குற்றமாகவே கொண்டோம். திரையிலும் குற்றம் இருந்தபடியால் மற்றைக் குற்றம் அதன் பின்னே மறைந்துகொண்டது.

மூக்குக்கண்ணாடி கிடைத்த நாளன்று காலி வீதியிற் பஸ்ஸுக்காக நின்றோம். "அப்பா, நூறாம் நம்பர் வருது" என்று அவள் கையை நீட்டினாள். அதுவரை ஒருநாளாவது அவள் கை நீட்டி பஸ்ஸை மறித்ததில்லை. கூச்சம் என்றே நான் நினைத்திருந்தேன்.

தட்டையான திரைகள்

இன்று அந்தப் பருத்த பெட்டிகள் பெரும்பாலான வீடுகளிலிருந்து நீங்கிவிட்டன. தட்டையான திரவப் பளிங்குத் திரைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. 1888 ஆம் ஆண்டில் பிராக் நகரிலே பிரெட்றிக் றைனிற்சர் என்னும் தாவரவியலார் கண்ட ஒரு விந்தையான பொருளின் வழித்தோன்றல்கள் இவை. அப்பொருள் உருகிய பின்னரும் ஒரு வெப்பநிலை வரையிற் கலங்கலாகவே நின்று, பின்பே தெளிந்தது. திரவமும் பளிங்கும் கலந்தாற்போன்ற அந்நிலையே இத்திரைகளின் அடிப்படையாகும்.

இவற்றில் இலத்திரன் கற்றை இல்லை. ஆதலாற் குவிவு தளர்வதும் இல்லை. முதுமையில் இவற்றின் பின்விளக்கு ஒளி குன்றலாம், வெண்மை மஞ்சளாகலாம், எழுத்தின் விளிம்பு பரவாது. எனவே தட்டைத் திரையில் எழுத்து மங்கினாற் காரணத்தை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். கீழ்க்காணும் ஒழுங்கிற் பார்த்தாற் காசும் மிஞ்சும், காலமும் மிஞ்சும்.

முதலாவது, தூசி. ஆளியை நிறுத்தி, மென்மையான துணியைச் சிறிது நீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். நீரை நேராகத் திரைமீது தெளிக்க வேண்டாம். கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, புள்ளிகளின் கணக்கு. ஒவ்வொரு தட்டைத் திரையிலும் மாற்ற முடியாத ஓர் எண்ணிக்கையிற் புள்ளிகள் உண்டு. பழைய 17 அங்குலச் சதுரத்திரைகள் பெரும்பாலானவற்றில் அது 1280 க்கு 1024. பிற்காலத்து அகன்ற திரைகள் பலவற்றில் 1920 க்கு 1080. கணனி வேறோர் எண்ணிக்கையில் அனுப்பினால், திரை அதனை இழுத்தோ ஒடுக்கியோ பொருத்தப் பார்க்கும், எழுத்து மங்கும். கணனியின் திரை அமைப்பிலே இயல்பான எண்ணைத் தெரிந்தெடுத்தாற் குறை தீரும். எழுத்துச் சிறிதாகிவிட்டால், புள்ளியின் கணக்கைக் கெடுக்காமல் எழுத்தின் பருமனை மட்டும் கூட்டுங்கள்.

மூன்றாவது, வடம். 15 ஊசிகள் கொண்ட நீலநிறச் செருகியுடைய பழைய வடம் தளர்ந்திருந்தாலும், மிக நீண்டிருந்தாலும் எழுத்துக்கு நிழல் தோன்றும். அதனை இறுக்கிச் செருகி, திரையின் விளிம்பிலுள்ள தன்னியக்கச் சரிசெய்யும் பொத்தானை அழுத்துங்கள். கணனியும் திரையும் இடந்தருமாயின் இலக்கமுறை வடத்துக்கு மாறுவதே சிறப்பு.

நான்காவது, கண். ஒரே திரையை ஒரே தூரத்தில் வீட்டிலுள்ள மூவர் பார்த்து ஒருவருக்கு மட்டும் மங்கினால், குற்றம் திரையில் இல்லை. பிள்ளை முன்னே நெருங்கினாற் குறும்பார்வையாக இருக்கலாம். ஒரு கண்ணைக் கையால் மூடியும் மறு கண்ணை மூடியும் சுவர்க் கலண்டரை வாசிக்கச் சொல்லுங்கள். இரு கண்களையும் திறந்து பார்க்கையில், ஒரு கண்ணின் குறையை மற்றையது மறைத்துவிடும். ஐயம் எழுந்தால் வைத்தியரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலைகளின் கண் சிகிச்சைப் பிரிவுகளிற் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

நெடுநேரம் திரையைப் பார்க்கையில் நாம் கண் இமைப்பது குறைந்து, கண் உலர்ந்து, அதனாலும் எழுத்துக் கலங்கும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது விநாடி பார்த்தால் அக்களைப்புத் தணியும்.

கழித்துவிடும்போது

பழைய பெட்டித்திரை இன்னும் எவர் வீட்டு மூலையிலேனும் கிடக்குமாயின், அதனை உடைத்துக் குப்பையிற் போட வேண்டாம். காற்றில்லாக் குழாய் உடையும்போது கண்ணாடி சிதறித் தெறிக்கும். அக்கண்ணாடியில் ஈயமும் கலந்திருப்பதால் மண்ணுக்கும் கிணற்று நீருக்கும் கேடு. இலத்திரனியற் கழிவுகளைச் சேகரிப்போரிடம் முழுதாகவே ஒப்படைத்தல் நன்று.

மகளின் முறை

2018 ஆம் ஆண்டில் எங்கள் தட்டைத் திரையும் மங்குவதாக எனக்குத் தோன்றியது. புதிது வாங்கவேண்டும் என்று வீட்டிற் பேச்செடுத்தேன். அப்பொழுது பல்கலைக்கழக மாணவியாயிருந்த மகள் வடத்தை இறுக்கினாள்; புள்ளிகளின் கணக்கைச் சரிபார்த்தாள்; பின்பு என்னையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கதிரையைப் பின்னே பின்னே தள்ளிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, திரை நல்லாத்தான் இருக்குது. இனி உங்கட கண்ணைக் காட்டுவம், வாங்கோ" என்றாள்.

நாற்பதைக் கடந்தோர்க்கு வரும் வெள்ளெழுத்து என்று வைத்தியர் சொன்னார். கண்ணினுள்ளே இருக்கும் வில்லை நெகிழ்வு குன்றி, அண்மையிலுள்ள எழுத்தைக் குவிக்க இயலாது போகும் நிலை அது. எனக்குத் தேவைப்பட்டது ஒரு வாசிப்புக் கண்ணாடியே. புதிய திரைக்கென்று எடுத்துவைத்த பணத்திலிருந்து அதனை வாங்கினோம். மிகுதியை மகளின் புத்தகங்களுக்குக் கொடுத்தேன். அவள் என் கண்ணின் குறையை ஒரே மாலையிற் கண்டுகொண்டாள். அவளுடைய குறையைக் காண எனக்கோ ஒரு பழைய பெட்டியும், ஒரு நல்ல இளைஞரும் தேவைப்பட்டார்கள்.