ஸ்கோப் விசாரிக்கும் முன் பட்டறையைப் பாருங்கள்

மே மாதம் பிறந்தால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே கேள்விதான்: "இப்போ எந்த கோர்ஸுக்கு ஸ்கோப் இருக்கு?" பிளஸ் டூ முடித்த பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கேள்வியைச் சித்தப்பா கேட்பார், பதிலை யூடியூப் பார்த்த மாமா சொல்வார். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கூட்டி, அதற்கு எந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று பார்ப்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பிள்ளை இதுவரை எதையாவது கழற்றி மாட்டியிருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

தோட்டத்துக் கிணற்று மேட்டில் வளர்ந்த பையனிடம் பேசிப் பாருங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் கிளம்பாமல் உறுமும், உடனே ஸ்டார்ட்டரை அணைக்காவிட்டால் காயில் புகைந்துவிடும் என்பது அவனுக்குப் பாடம் இல்லை, பழக்கம். டூ ஃபேஸ் கரண்டில் கன்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டும் வித்தையைக்கூட அப்பா காட்டியிருப்பார். (மின்வாரியத்துக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம்.) காயில் எரிந்தால் அதைக் கழற்றி டவுனுக்குத் தூக்கிப் போகிறவனும் அவன்தான்.

காயில் கட்டும் கடையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கருகிய கம்பியைக் கட்டையும் உளியும் வைத்துத் தட்டி எடுப்பார்கள். எடுக்கும்போதே எத்தனை சுற்று, எந்த கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று ஒரு அழுக்கு நோட்டில் குறித்துக்கொள்வார்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். அந்தக் கேஜ் கிடைக்கவில்லை என்று மெல்லிய கம்பியைச் சுற்றினால் மோட்டார் சூடேறும். கடைசியில் வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இண்டக்‌ஷன் மோட்டார் என்று கரும்பலகையில் நடத்தப்படுவது இதைத்தான். முதலில் கடையைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறவனுக்குச் சூத்திரம் எதற்காக என்று தெரிந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சூத்திரம் மட்டும்தான் தெரியும். பரீட்சை முடிந்ததும் அதுவும் போய்விடும்.

ஆகவே பிள்ளைகளைப் பொறியியல் பக்கம் திருப்ப வேண்டுமென்றால் சம்பளப் பட்டியலைக் காட்டாதீர்கள், வேலையைக் காட்டுங்கள். அதைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே காட்டுகிற ஒரு வழி நம்மிடம் இருக்கிறது. அதற்குப் பெயர் பாலிடெக்னிக். நம் ஊரில் அது "மார்க் கம்மி, டிப்ளமோவில் தள்ளிவிடு" என்று கிடக்கிறது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல். தந்தை ரயில்வே டெக்னீஷியன். மகன் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. அதன் பிறகுதான் பி.இ., திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் எல்லாம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் தமிழ் வழியில் படித்தவர். அவரும் தொடங்கியது மெக்கானிக்கல் டிப்ளமோவில்தான். வேலையில் இருந்தபடியே எழுதக்கூடிய ஏ.எம்.ஐ.இ. தேர்வில் தேறி, காரக்பூர் ஐ.ஐ.டி.க்குப் போய் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார். இந்தியா ராக்கெட்டுக்குச் சொந்தமாகக் கிரையோஜெனிக் எந்திரம் செய்த கதையில் அவர் பங்கு பெரியது. இரண்டு பேருக்கும் டிப்ளமோ கடைசி நிறுத்தமாக இருக்கவில்லை.

டிப்ளமோவில் என்ன நடக்கிறது? ஃபிட்டிங் வகுப்பில் பையன் கையில் ஒரு சிறு இரும்புத் தகட்டைக் கொடுப்பார்கள். வைஸில் மாட்டி அரத்தால் ராவ வேண்டும். ராவிய விளிம்பில் மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எங்கே ஒளி கசிகிறதோ அங்கே பள்ளம். மேட்டை இன்னும் ராவு, மறுபடி பிடி. பிறகு 'வி' வடிவில் வெட்டிய ஒரு துண்டும் அதற்கேற்ற பள்ளம் உள்ள இன்னொரு துண்டும் ஒன்றில் ஒன்று உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் அதிகமாக ராவிவிட்டால் தகடு போச்சு, புதிதாகத் தொடங்க வேண்டும். டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்பதை எந்தப் புத்தகமும் இத்தனை நன்றாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. டிப்ளமோ முடித்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் கணிதத்தில் திணறுவார்கள். முதலாண்டுக் கணக்கு அவர்களுக்கு விட்டுப்போயிருக்கும். டிப்ளமோவோடு வேலைக்குப் போனால் தொடக்கச் சம்பளம் சிறிது. பல இடங்களில் இயந்திரங்கள் தாத்தா காலத்தவை. இதையெல்லாம் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

படிப்பின் கால அளவைப் பற்றியே சண்டை போட்டவர் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் ஒட்டாமல், கோவையில் ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப்போட்டவர். 1945-ல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக அவர் முன்நின்றார். நான்கு வருடம் எதற்கு, பாதிக் காலத்தில் சொல்லிக் கொடுக்கலாமே என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் மாணவன் கருவியைத் தொடுகிறான் என்று எண்ணிப் பார்த்தால் அவர் கோபம் புரியும். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.). பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியிலிருந்து வந்து, பின்னாளில் சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை அங்கே படித்தவர்.

பெண் பிள்ளைக்குப் பட்டறை ஒத்துவராது என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு அ. லலிதாவைச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு விதவை. தந்தை கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். 1940-ல் அதே கல்லூரியில் மகளை எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்த்தார். நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவராக வெளியே வந்த லலிதா, பயிற்சிக்குப் போனது பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பட்டறைக்கு. பிறகு பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியிலும் அவர் கை உண்டு. எண்பது ஆண்டுக்கு முன் ரயில்வே பட்டறைக்கு ஒரு இளம் விதவை போக முடிந்திருக்கிறது. நம் காலத்தில் செங்கோட்டையில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்தியிருக்கிறார்.

பணம் தடை என்றால், விசாரிக்க வேண்டியவை சில உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பட்டப்படிப்புக்கு மட்டும் அல்ல, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவர்களுக்கும் பொறியியல் கவுன்சலிங்கில் தனி இடம் இருக்கிறது. பள்ளியில் இதைச் சொல்ல ஆள் இல்லாததால் பலருக்குத் தெரிவதில்லை.

கல்லூரி பார்க்கப் போகும்போது முகப்புக் கட்டடத்தையும் ஏ.சி. செமினார் ஹாலையும் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒர்க் ஷாப் எங்கே என்று கேளுங்கள். லேத் இயந்திரத்துக்கு அடியில் உள்ள ட்ரேயில் இரும்புச் சீவல் கிடந்தால், எண்ணெய் வழிந்திருந்தால் நல்ல சகுனம். எல்லாம் துடைத்து வைத்த மாதிரிப் பளபளத்தால் பிள்ளைகளைத் தொட விடுவதில்லை என்று அர்த்தம். ஒரு லேத்துக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். "சாவி இன்னைக்கு இல்லீங்க சார்" என்றால், அடுத்த கல்லூரிக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.